கோப்பை இரண்டு, வாள் ஆறு

ஜூன் 5, புதன்

காலை ரத்த அழுத்தம் 138/84. நேற்றைவிடக் குறைவு. மேல்நிலைத் தொட்டி கழுவுவதால் பகல் பன்னிரண்டு வரை தண்ணீர் வராது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. இரண்டு வாளி பிடித்து வைத்தேன்.

அதே பலகையில் இன்னொரு தாள். சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு நம் குடியிருப்பின் பொது அறையில் எதிர்காலம் பார்க்கும் டாரட் சீட்டு வாசிக்கப் பயிற்சி, ஆறு வாரம், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. நடத்துபவர் பி பிளாக் ப்ரீத்தா.

லிஃப்டில் 304ஆம் வீட்டுத் திருமதி கமலவேணி நின்றிருந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. லிஃப்ட் போடுகிற சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல்.

"சார், டாரட் கிளாசுக்கு வர்றீங்களா? எனக்குப் போய்ப் பாக்கோணும்னு ஆசை. ஒத்தையாப் போக ஒரு மாதிரியா இருக்குதுங்க."

"எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க."

"நம்பிக்கை இருக்கறவங்க ஜோசியருகிட்டப் போவாங்க. கிளாசுக்கு நம்மளாட்டம் ஆளுகதானுங்க போவாங்க."

அதற்குள் மூன்றாம் மாடி வந்து அவர் இறங்கிக்கொண்டார். நான் ஐந்தாம் மாடி.

முப்பத்திரண்டு ஆண்டு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். பார்க்காமலே ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது என்று மாணவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதனால் போய்ப் பார்க்கலாம். காரணம் அவ்வளவுதான்.

ஜூன் 8, சனி

மாலை சாரல். வகுப்புக்கு வந்தவர்கள் ஏழு பேர். ஆண் நான் ஒருவன்தான். வாசலிலேயே குடியிருப்புச் சங்கச் செயலாளர் குப்புராஜ் பிடித்துக்கொண்டார். "என்னங்க புரொபசர், ஜோசியத்துல எறங்கீட்டீங்களாமா? கிளி வாங்கியாச்சுங்களா?" சிரித்துவைத்தேன். திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். திருமதி கமலவேணி உள்ளேயிருந்து, "சார், உங்களுக்கு எடம் போட்டு வெச்சிருக்கறேன், வாங்க!" என்று கூப்பிட்டதால் முடியவில்லை.

ப்ரீத்தாவுக்கு முப்பது வயது இருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சென்னைப் பெண். மொத்தம் எழுபத்தெட்டுச் சீட்டு. இருபத்திரண்டு பெரியவை. மீதி ஐம்பத்தாறும் நம் சீட்டுக்கட்டு மாதிரியே நான்கு வகை: கோல், கோப்பை, வாள், காசு. நான் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தேன்.

"அங்கிள், இதை மனப்பாடம் பண்ணாதீங்க. படத்தைப் பாருங்க. என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க."

என் முறை வந்தபோது 'மரணம்' சீட்டு. வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"கொடியில் இருக்கிறது வெள்ளை ரோஜா. ஐந்து இதழ். ஒட்டுரகம் இல்லை, காட்டு ரோஜா," என்றேன்.

திருமதி கமலவேணி சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

ஜூன் 12, புதன்

சீட்டுக்கட்டு தபாலில் வந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பக்கம் என நோட்டுப் போட்டிருக்கிறேன். உண்மையில் நல்ல படங்கள். சூரியன் சீட்டில் சூரியகாந்தி. கோல் ராணியின் கையிலும் சூரியகாந்தி. நீரோரத்தில் நிற்கும் தேவதைக்குப் பக்கத்தில் ஐரிஸ். வரைந்தவர் செடிகளைக் கவனித்துப் பார்த்தவர்.

எண் வரிசையில் அடுக்குவது எனக்குப் பொருளற்றதாகப் பட்டது. ரோஜா உள்ளவை, அல்லி வகை, மாதுளை, திராட்சை, தாவரம் இல்லாதவை என்று பிரித்து வைத்தேன். எடுக்கவும் எளிது. மூலை மடங்கிவிடாமல் ஒரு பழைய பட்டுத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 15, சனி

இன்று மூன்று சீட்டு முறை. கட்டைக் கலைத்து, இடக்கையால் மூன்றாக வெட்டிச் சேர்த்து, மேலிருந்து மூன்று எடுக்க வேண்டும். முன்பு, இப்போது, இனி.

வகுப்பு முடிந்து நடக்கையில் திருமதி கமலவேணி ஒரு செய்தி சொன்னார். அவர் மகன் பிரபு புனேயில் இருக்கிறான். மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாள், குழந்தைக்கு ஒன்றரை வயது. "எல்லாத்தையும் விட்டுப்போட்டு இங்கயே வந்துரும்மாங்கறான். 304ஐ வாடகைக்கு விட ஆளுகூடப் பாத்துட்டானுங்க. அடுத்த மாசம் பாதிக்குள்ள முடிவு சொல்லோணும்."

"நல்லதுதானுங்களே. பேரனோட இருக்கலாம்," என்றேன்.

"நல்லதுதானுங்க." நான்கு எட்டு நடந்தார். "எல்லாருமே நல்லதுதானேங்கறாங்க."

வீட்டுக்கு வந்து தோசை வார்த்தேன். இரண்டு தீய்ந்துவிட்டன.

ஜூன் 18, செவ்வாய்

தினமும் ஒரு கேள்வி கேட்டுப் பழகச் சொல்லியிருக்கிறார் ப்ரீத்தா. சொந்த விருப்பு வெறுப்பு கலக்காத கேள்வியாக இருந்தால்தான் சோதனை செல்லும். எனவே '304ஆம் வீடு காலியாகுமா?' என்ற கேள்வியை எடுத்துக்கொண்டேன். எனக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. நான்கு நாளாக இதே கேள்விதான். கேள்வியை மாற்றினால் முடிவுகளை ஒப்பிட முடியாது.

ஆனால் விசித்திரமான ஒன்று தெரிகிறது. ரோஜா உள்ள சீட்டு வந்தால் அடுத்ததும் ரோஜா உள்ளதாகவே வருகிறது. மாதுளைக்குப் பின் மாதுளை. பதினான்கு முறையில் பன்னிரண்டு முறை! தற்செயல் என்று தள்ள முடியாது. அட்டவணை போட்டிருக்கிறேன். என் படிப்பு இதை ஏற்க மறுக்கிறது. கையோ எழுதுகிறது.

ஜூன் 22, சனி

நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

அட்டவணையை வகுப்பில் காட்டினேன். ப்ரீத்தா கண்கள் விரிய, "அங்கிள், கட்டு உங்களோட பேசுது!" என்றார். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எழுபது வயதில் எனக்கு இப்படி ஒரு மதிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

திருமதி கமலவேணி மட்டும் அட்டவணையைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஒருக்காக் கலைச்சுக் காட்டுங்க."

கலைத்தேன்.

"இதுதான் கலைக்கறதுங்களா?"

"மூன்றாக வெட்டி..."

"வெட்டித் திரும்ப அப்படியே வெக்கறீங்க. மூலை மடங்கீருமோன்னு கொழந்தையத் தூக்கறாப்பல தூக்கறீங்க. சரி, வூட்டுல எப்படிங்க அடுக்கி வெப்பீங்க?"

"பூவாரியாக," என்றேன். சொன்ன உடனேயே புரிந்துவிட்டது.

"பூவாரியா அடுக்குனா பூவாரியாத்தானுங்க வரும்!"

ஏழு பேரும் சிரித்தார்கள். ப்ரீத்தாகூட. அவர்கள் சிரித்ததில் தவறில்லை. முதலாமாண்டு மாணவன் செய்தால் நான் அவனது செய்முறை நோட்டைத் திருப்பி எறிந்திருப்பேன்.

ஜூன் 23, ஞாயிறு

இனி வகுப்புக்குப் போவதில்லை.

ஜூன் 25, செவ்வாய்

காலை பத்தரைக்கு அழைப்பு மணி. திருமதி கமலவேணி. ஒரு கையில் ரம்மி விளையாடுகிற சீட்டுக்கட்டு, மறுகையில் மூடி போட்ட பாத்திரத்தில் கொள்ளுப்பருப்பு.

"கோவிச்சுட்டீங்களா சார்?"

"இல்லீங்க."

"முந்தாநாள் வாக்கிங்ல என்னையப் பாத்துட்டு வேப்பமரத்துப் பக்கமாத் திரும்பிப் போனீங்க."

"அங்கே ஒரு புல்லுருவி..."

"சரி, புல்லுருவி. உக்காருங்க. கலைக்கச் சொல்லித் தர்றேன்."

கதவைத் திறந்தே வைத்தேன். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இரவுப் பணி இடைவேளைகளில் தொலைபேசி நிலையத்துப் பெண்கள் எல்லோரும் ரம்மி ஆடுவார்களாம். கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டை விரல்களால் வளைத்து விட்டார். சீட்டுகள் மழைபோல் சலசலத்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. என் கையில் அவை தரையெங்கும் பறந்தன. மேசைக்கு அடியிலிருந்து பொறுக்கி எழுந்தபோது இருவர் தலையும் முட்டிக்கொண்டன.

"பயந்துட்டே புடிச்சா அது எப்படிங்க கலையும்? கொஞ்சம் வளைச்சாத்தான் சேரும். ஒடஞ்சு போயிராதுங்க."

பதினோராவது முறை சரியாக வந்தது. அவர் கை தட்டினார். என் மனைவி மரகதம் போன பிறகு, நான்கு ஆண்டாக இந்த மேசையில் இன்னொருவர் உட்காரவில்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கொள்ளுப்பருப்பு நன்றாக இருந்தது. பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறேன்.

ஜூன் 27, வியாழன்

பாத்திரத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. வெறும் பாத்திரமாகத் தருவது மரியாதையில்லை. எனக்கு ரவா உப்புமா தவிர வேறு எதுவும் வராது.

ஜூன் 29, சனி

வகுப்புக்குப் போனேன். பாத்திரத்தில் மாம்பழம் வைத்துக் கொடுத்தேன். வகுப்பில் கட்டை வளைத்துக் கலைத்ததும் ஓர் அம்மாள், "அடேங்கப்பா, சார் கிளப்புல ஆடறவராட்டம் கலைக்கறாரு!" என்றார். கமலவேணி அம்மையார் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அடுத்த வாரம் ஒருவருக்கொருவர் உண்மையான கேள்வி வைத்து வாசிக்க வேண்டும். லிஃப்டில் அவர் சொன்னார்: "எனக்கு நீங்கதான் சார் பாக்கோணும். புனேக்குப் போறதா வேண்டாமான்னு கேக்கப்போறேன். பையன்கிட்டக் கேட்டா வாம்மாங்கறான். தங்கச்சிகிட்டக் கேட்டா போங்கறா. நீங்க ஒருத்தருதான் எதையும் தரோவாப் பாத்துச் சொல்லுவீங்க."

ஜூலை 3, புதன்

வாசிப்பில் நடுநிலை எப்படிக் காப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த விஷயத்தில் எனக்குச் சிறு சார்பு இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்த மனிதர்கள் குடியிருப்பில் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால். சார்பு உள்ளவன் அளக்கும்போது அதை ஈடுகட்ட எதிர்த்திசையில் திருத்தம் போட வேண்டும். எனவே விதி: எனக்குச் சாதகமாகத் தோன்றும் எந்த விளக்கத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெண்மணி தன் வாழ்க்கையை முடிவு செய்யும் இடத்தில் என் வசதி உள்ளே வருவது நியாயம் இல்லை.

ஜூலை 6, சனி

கலைத்தேன். அவரே வெட்டினார். மூன்று சீட்டைத் திருப்பினேன்.

முன்பு: கோல் நான்கு. நான்கு கால் நட்டு மேலே பூமாலை கட்டிய பந்தல். இருவர் பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது: கோப்பை இரண்டு. ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பையை நீட்டுகிறார்கள்.

இனி: வாள் ஆறு. படகு. முக்காடிட்ட பெண்ணும் குழந்தையும் உட்கார்ந்திருக்க, ஒருவன் நின்று துழாவுகிறான்.

மூன்றையும் நேராக வைத்தேன்.

"மூன்றாவது சீட்டு தெளிவாக இருக்கிறது. பெண், குழந்தை, பயணம். போகலாம் என்றுதான் பொருள்," என்றேன்.

"அது படகுங்க. சரி. இந்தப் பந்தலு?"

"புது வீடு. குடிபுகுதல்."

"அது முன்னாடி நடந்ததுன்னுதானுங்க வெச்சீங்க?"

"குடிபுகுதலுக்கான ஏற்பாடு முன்பே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்."

"நடுவுல இவங்க ரெண்டு பேரு?"

என் விதி நினைவுக்கு வந்தது. "ஒப்பந்தம். இரு தரப்பு. வீட்டுக்காரரும் வாடகைக்கு வருகிறவரும்."

ப்ரீத்தா ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். கமலவேணி அந்தச் சீட்டைக் கையில் எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இப்படிப் பாத்துட்டு நிக்கறாங்க. இது வாடகை ஒப்பந்தமுங்களா?"

"ஆமாங்க."

"சரிங்க சார்." சீட்டை மேசையில் வைத்தார், படம் தெரியாமல் கவிழ்த்து. "ரொம்ப நன்றிங்க. தரோவாப் பாத்துச் சொல்லீட்டீங்க."

எனக்கு அவர் வாசிக்க வேண்டிய முறை வந்தபோது தலைவலி என்று எழுந்து போய்விட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

152/94. மெல்போர்னிலிருந்து என் மகன் பேசினான். ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

பால் வாங்கப் போனபோது குப்புராஜ் சொன்னார். "தெரியுமுங்களா புரொபசர், 304 காலியாகுது. பதினஞ்சாம் தேதி பாங்க்காரக் குடும்பம் ஒண்ணு வருது. கமலவேணியம்மா ஓகே சொல்லீட்டாங்க. பாவம், நல்ல மனுஷி. உங்க கிளாசுல அவங்களுக்கு எதிர்காலமெல்லாம் பாத்துச் சொன்னீங்களாமா? கரெக்டாப் பலிச்சிருச்சு பாருங்க!"

பாலைக் காய்ச்ச வைத்துவிட்டுப் பொங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை.

ஜூலை 10, புதன்

நடைப்பயிற்சிப் பாதையில் ப்ரீத்தா எதிரே வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன், சனிக்கிழமை என் வாசிப்பில் பிழை உண்டா என்று.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. கோப்பை இரண்டைப் பார்த்து யாருமே ஹவுஸ் ஓனரும் டெனன்ட்டும்னு சொல்ல மாட்டாங்க. சின்னக் குழந்தைகூட."

"எனக்குச் சார்பு இருந்தது அம்மா. அதைச் சரிக்கட்டப் பார்த்தேன்."

"என்ன சார்பு?"

நான் நடக்கத் தொடங்கினேன். அந்தப் பெண் கெட்டிக்காரி. இன்னொரு கேள்வி கேட்காமல் என்னோடு ஒரு சுற்று நடந்தார். கடைசியில் மட்டும் சொன்னார்: "அவங்க ரம்மி ஆடறவங்க அங்கிள். சீட்டு சொல்லுதுன்னு வீட்டை விடறவங்க இல்ல. நீங்க சொன்னதால விடறாங்க."

நேர்மை என்று நினைத்துச் செய்தது வேறொன்று. ஈடுகட்டுகிறேன் என்ற பெயரில் பயந்திருக்கிறேன். ஆய்விதழில் என் கட்டுரையில் பிழை வந்தபோது நானே திருத்தம் எழுதி அனுப்பியவன். இதற்கும் அனுப்ப வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

திருத்தத்தை மூன்று முறை எழுதினேன். இறுதி வடிவம் இது:

'ஜூலை 6 அன்று நான் வாசித்ததில் கீழ்க்கண்ட பிழைகள் உள்ளன. ஒன்று: கோல் நான்கு, புது வீடு அல்ல, தாங்கள் முன்பு வாழ்ந்த நல்ல வாழ்க்கை. இரண்டு: கோப்பை இரண்டு, வாடகை ஒப்பந்தம் அல்ல. மூன்று: படகில் மூன்று பேர் இருப்பதைச் சொல்லத் தவறினேன். படகுக்காரர் அக்கரையில் குடியிருப்பவர் அல்லர். போன படகு திரும்பி வருவதற்கும் உரியது.'

பதினோரு மணிக்கு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனேன். லிஃப்டில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

304இன் கூடத்தில் அட்டைப்பெட்டிகள். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து இடம் செய்தார், உட்காரச் சொல்லவில்லை.

தாளை நீட்டினேன். வாங்கி முழுதும் படித்தார். பிறகு இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"வாடகை ஒப்பந்தம் அல்லன்னு போட்டிருக்கறீங்க. அப்ப என்னன்னு போடலியே?"

"எழுத வரலீங்க."

"எழுத வராட்டிப் போகுது. வாயில சொல்லுங்க."

நாற்பது ஆண்டுக்கு முன் முதல் வகுப்பெடுத்த நாள்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. கூடத்துச் சுவரில் அவர் கணவரின் படம். அவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"பேரன் உங்களுக்கு வேணும். அதுல நான் குறுக்கிடக் கூடாதுங்க. போயிட்டு வாங்க. ஆனா வீட்ட விட்டுட்டுப் போகாதீங்க. இதச் சீட்டு சொல்லல. நான் சொல்றேன். நீங்க இங்க இல்லாட்டி எனக்கு..." பக்கத்துப் பெட்டியின் மூடியைச் சரிசெய்தேன். "எனக்கு நல்லா இருக்காதுங்க."

அவர் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து, சுற்றியிருந்த செய்தித்தாளை மெதுவாகப் பிரித்தார். டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"இத சனிக்கிழமை சொல்றதுக்கு என்னங்க?"

"பயமுங்க."

"எனக்குந்தான். இல்லாட்டி நான் எதுக்கு உங்ககிட்டச் சீட்டப் பாக்கச் சொல்றேன்? நேரா உங்களையக் கேட்டிருக்க மாட்டனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார், குரல் மட்டும் பழைய ஆபரேட்டர் குரலாகவே இருந்தது. "ஏழு பேரு முன்னாடி வாடகை ஒப்பந்தமுன்னு சொல்லிப்போட்டீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

மன்னிப்புக் கேட்டேன். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

"பிரபு, அம்மா பேசறேன். மீட்டிங்கா? ரெண்டே நிமிஷம். அந்த பாங்க்காரருகிட்ட வீடு இல்லைன்னு சொல்லிரு கண்ணு... நான் வர்றேன்டா, பதினஞ்சாம் தேதி வர்றேன். தீவாளி வரைக்கும் இருக்கறேன். அதுக்குள்ள பையன நல்ல ப்ளே ஸ்கூலாப் பாத்துச் சேத்துருங்க. அப்புறம் வரப் போக இருப்பேன்... வீட்டப் பூட்டிட்டு வர்றேன். ஆமா, பூட்டிட்டுத்தான்... எதுக்குன்னா?"

அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு. அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தேன்.

"எதுக்குன்னு அவருகிட்டயே கேட்டுக்க," என்றவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். காப்பிக்குப் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஹலோ? யாருங்க?" என்றது புனே.

"நான் சென்னியப்பன் பேசறனுங்க தம்பி. ஐந்நூத்தி ரெண்டு," என்றேன்.

"சொல்லுங்க சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினேன்.